ஒரு சிலுவை நேரம்

"ஏங்க... மேல நிக்கற செனோரித்தா! எங்க பாட்டு என்ன, பேய் அலறுற மாதிரியா இருக்கு?"

கீழேயிருந்து வந்த குரலில் சித்லாலி திடுக்கிட்டாள். மேல்மாடத்தில் ஆர்கன் குழாய்களைத் துடைத்த துணி ஒரு கையில். மறு கை இன்னும் வலது தோளிலேயே இருந்தது. கீழே பீடத்தின் முன்னால் முப்பது பேர். நேற்றுதான் தொமினிக்கன் குடியரசிலிருந்து புவெப்லா நகருக்கு வந்திறங்கிய பாடகர் குழு. நடுவில், இடுப்பில் கைவைத்தபடி அதன் தலைவன் லியாந்த்ரோ.

ஐயோ... அந்தக் கண்கள்! கோபத்தில்கூடவா இப்படி மின்னும்?

"பேயா? யாரு சொன்னா?"

"ஒவ்வொரு வரி முடியறப்பவும் சிலுவை போட்டுக்கறீங்களே! நானும் பாத்துக்கிட்டேதானே இருக்கேன்."

குழுவில் கொல்லென்று சிரிப்பு. சித்லாலி மடமடவென்று படியிறங்கி வந்தாள்.

"அது உங்களுக்காக இல்ல மாயெஸ்த்ரோ, எதிரொலிக்காக! இந்தப் பேராலயத்துல ஒரு வரி பாடினா, அது மேல போய்த் திரும்பி வந்து அடங்க ஒரு சிலுவை நேரம் ஆகும். நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோளு, கடைசியில கட்டைவிரலுக்கு ஒரு முத்தம்... அப்புறந்தான் அடுத்த வரி. இங்க பாடறவங்க எல்லாரும் அப்படித்தான் அளப்பாங்க. நீங்க என்னடான்னா, கிளம்பற பஸ்ஸைப் பிடிக்கற மாதிரி ஓடறீங்க!"

"பன்னெண்டு வருஷமா இதே வேகந்தான். எங்க ஊர்ல யாரும் குறை சொன்னதில்ல."

"உங்க ஊர் கோயிலுக்குத் தகரக் கூரையா இருக்கும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகம் சுண்டிப்போனது.

"தகரக் கூரைதான்," என்றான் மெதுவாக. "மழை வந்தா ஒண்ணுமே கேக்காது. அது வலுக்கறதுக்குள்ள பாடி முடிச்சாகணும்... அப்படிப் பழகின கை இது."

அதோடு திரும்பிக்கொண்டான்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. குடையை உதறிக்கொண்டே வந்தாள் குழுவின் கனத்த குரல்காரி, மீன் சந்தையில் கடை போடும் பெலார்மினா.

"ஏம்மா பொண்ணு, அவனுக்கு வாய்தான் வீறாப்பு. காலையில இந்த வாசப்படி தாண்டினதும் மேல பாத்தான் பாரு... அப்படியே நின்னு அழுதுட்டான். இங்க பாடணும்ங்கறது அவனோட எத்தனை வருஷத்துக் கனவு! இன்னிக்குச் சாயங்காலக் கச்சேரியில சொதப்பினா ஊருக்குப் போய் குழுவையே கலைச்சிடுவான். நாளைக்குக் காலையில கிளம்பறோம்..."

நாளைக்கா! எதற்கு இப்படித் திக்கென்கிறது? சித்லாலிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மாலை ஆறு மணிக்குப் பேராலயம் நிரம்பி வழிந்தது. முதல் பாட்டு... அதே வேகம். முதல் வரி திரும்பி வருவதற்குள் இரண்டாவது கிளம்பியது. இரண்டும் முட்டிக்கொண்டு ஒரே இரைச்சல். இருக்கைகளில் சலசலப்பு. பெலார்மினாவின் குரல் நடுங்கியது. லியாந்த்ரோவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

மெல்லத் தலையைத் திருப்பி, மாடத்தில் நின்ற அவளை நிமிர்ந்து பார்த்தான்.

எல்லார் முன்னாலும்... அந்தக் கண்களில் வீறாப்பு துளியும் இல்லை. 'சொல்லிக் கொடு' என்று கேட்டன. சித்லாலி கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். ஒரு வரி. நிறுத்தம். நெற்றி... நெஞ்சு... தோள்... தோள்... அவள் விரல் உதட்டைத் தொட்டதும் அடுத்த வரி.

அப்போதுதான் அது நடந்தது. குரல்கள் தூண்களின் வழியே ஏறின. பொன் பூசிய கூரையைத் தொட்டன. தொட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் இறங்கி வந்தன. கீழே முப்பது பேர் பாட, மேலே கண்ணுக்குத் தெரியாத முந்நூறு பேர் பதில் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து இங்கே வருகிறவள், தினமும் தூசி துடைக்கிறவள்... அவளுக்கே மெய் சிலிர்த்தது. இந்தக் கோயில் இவ்வளவு பெரிதா? கடைசிக் குரல் அடங்கும்வரை யாரும் கைதட்டவில்லை. சிலர் மண்டியிட்டிருந்தார்கள்.

பிறகு பக்கவாசலில், மழைக்கு ஒதுங்கி அவன் நின்றிருந்தான். இமைகளில் இரண்டு துளி.

"தகரம்னு சொன்னது தப்பு... மன்னிச்சிடுங்க," என்றாள்.

"கடைசிப் பாட்டுல ஒரு இடத்துல நான் தடுமாறினேனே, கவனிச்சீங்களா?"

"ம்... கவனிச்சேன்."

"கையைப் பாக்கறதுக்குப் பதிலா முகத்தைப் பாத்துட்டேன். அதான்."

மழைச் சத்தத்தையும் மீறி அவளுக்குத் தன் நெஞ்சு அடிப்பது கேட்டது.

"பேரைக்கூட பெலார்மினாதான் விசாரிச்சுச் சொன்னா. சித்லாலி... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. பாடத் தெரிஞ்ச அளவுக்குப் பேசத் தெரியாது. விடிஞ்சா கிளம்பிடுவேன். ஆனா உங்களுக்குச் சம்மதம்னா திரும்பி வருவேன்." மூச்சு வாங்கினான். "அவசரப்படுத்த மாட்டேன். ஒரு சிலுவை நேரம் காத்திருக்கேன்."

கையைத் தூக்கினான். நெற்றி... நெஞ்சு... இடது தோள்... வலது தோள்... இவ்வளவு மெதுவாகவா ஒருவன் சிலுவை போடுவான்!

கட்டைவிரல் அவன் உதட்டை நெருங்குமுன் சித்லாலி எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். அவன் கட்டைவிரலில் அந்த முத்தத்தை அவளே வைத்தாள்.

"ஆமென்," என்றாள்.