ஓரம்வரை கருத்த டிஸ்க்

இருபது நிமிடப் படம்தான். டிஸ்கைப் புரட்டினால் படம் பதிந்த இடம் நடுவைச் சுற்றி ஒரு சின்ன வளையமாகக் கருத்திருக்க வேண்டும். இது ஓரம்வரை கருத்திருந்தது. முதல் டிஸ்கும் அப்படித்தான்.

அவன் உதட்டைப் பிதுக்கினான். மட்டச் சரக்கு. எல்லாம் தங்கச்சி கொடுக்கிற தொல்லை. வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தவளுக்கு இப்போது அம்மா முகத்துச் சுருக்கம்கூடத் துல்லியமாகத் தெரியும் டிஸ்க் வேண்டுமாம்.

படத்துக்குப் பஞ்சமில்லை. எழுந்து போகிற வேலை மிச்சம் என்று அம்மாவின் கட்டிலுக்கு மேலே கேமரா மாட்டி, இந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியிலிருந்தே ஒன்றரை வருஷம் ‘கவனித்துக்கொண்ட’ மகராசன் அவன். சிரித்த இடங்களாகப் பொறுக்கிச் சேர்த்தான். கடைசி மதியத்தின் ஒன்பது நிமிடத்தை மட்டும் அழித்தான். தண்ணீர் தண்ணீரென்று அவள் கேட்டதும், கேமராவின் ஸ்பீக்கர் வழியாக அவன் பதில் சொன்னதும், பிறகு அவள் கேட்காமலே போனதும் அதில் இருந்தன. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றுதான் தங்கச்சியிடம் சொல்லியிருந்தான். அதை அவள் பார்த்தால் தீர்ந்தது.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "இன்னும் முடியலையாண்ணா? டாக்ஸி சொல்லிட்டேன்."

"செத்தப்புறம்தான் உனக்கு அம்மா முகம் தெளிவாத் தெரியணும். இரு."

அப்படி என்னதான் ஏறியிருக்கிறது என்று டிஸ்கைத் திரும்ப உள்ளே தள்ளினான். டிரைவ் முதலில் கொசுவாக முனகி, பிறகு சீறி, பிறகு யாரோ மூச்சுக்குத் திணறுவதுபோல ஏறி இறங்க, சூடான பிளாஸ்டிக் வாடையோடு, இந்த அறைக்குள் என்றும் வந்திராத தைல வாடையும் நனைந்த மெத்தை வாடையும் மெல்லக் கலந்தன.

சிரிப்புகள் ஓடி முடிந்தன. இருபது நிமிடம் ஆயிற்று. படம் நிற்கவில்லை.

அம்மாவின் அறை. பூட்டிக் கிடக்கும் அறை. அதே கட்டில்.

படுத்திருந்தது அவன்.

வாய் பிளந்திருந்தது. உதட்டில் ஒவ்வொரு வெடிப்பும் அவ்வளவு துல்லியம்.

நிறுத்தப் பார்த்தான். ஓடியது. எழப் பார்த்தான். கால் வரவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. தங்கச்சியைத்தான் கூப்பிட நினைத்தான்.

"தண்ணி..."

பதில் தலைக்கு மேலேயிருந்து வந்தது. அம்மாவின் குரல். அன்று அவன் சொன்னது, எழுத்துப் பிசகாமல்.

"வர்றேன், வர்றேன். இப்ப என்ன உயிரா போகுது?"

முதுகுக்குக் கீழே ஈரம். நாற்காலி இல்லை. மெத்தை. மேலே கேமராவின் சிவப்புப் புள்ளி.

வாசலில் அம்மா நின்றாள். கையில் தளும்பத் தளும்ப டம்ளர். அவனைப் பார்த்துக்கொண்டே, அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டுவரை அவளே குடித்தாள்.