ஏழாவது குமாஸ்தா

கதவைத் திறந்துவிட்ட ஜெனி, அடி பிசகாமல் திரும்பி நடந்து, கூடத்தின் நடுவில் சாக்பீஸால் போட்டிருந்த இரண்டு குறிகளின்மேல் பாதங்களைப் பொருத்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜலஜாவுக்கு எரிச்சலாக இருந்தது. நாடகத்தை ஆராய ஆரம்பித்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் மேடையிலேயே வாழ்கிறாளாம்.

அந்த நாடகத்துக்காக ஜலஜா ஐந்து வருடங்களைக் கொடுத்திருந்தாள். ஐம்பது வருடங்களுக்கு முன் டெல்லித் தமிழ் குமாஸ்தாக்கள் போட்ட அபத்த நாடகம் அது. ஆறு குமாஸ்தாக்கள் வராத ஏழாவது ஆளின் வேலையைப் பார்ப்பார்கள், அவன் கையெழுத்தைப் போடுவார்கள், அவனுக்குப் பதவி உயர்வுகூட வாங்கித் தருவார்கள். அவன் கடைசிவரை வரமாட்டான். முதல் மேடையேற்றத்தில் ஜலஜாவின் அப்பா நடித்தார். பிறகு மூன்று முறை மேடையேறியது. மேடைப் பிரதிக்காக அவள் இயக்குநர் பூவராகவன் வீட்டுக்கு மூன்று வருடம் நடந்தாள். அவர் அதைத் தூக்கிக் கொடுத்தது ஜெனிக்கு. டெல்லியிலேயே பிறந்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஜெனிக்கு.

அந்தப் பிரதியை வாசித்துக் காட்டச் சொல்லித்தான் ஜெனி இன்று போன் செய்திருந்தாள்.

புசா ரோட்டுக்குப் பின்னால் நாலாவது மாடி வீடு. சாயங்காலம் நாலு மணிதான் என்றாலும் ஜனவரிப் பனிமூட்டம் தெருவையும் எதிர்வீடுகளையும் விழுங்கியிருந்தது. பால்கனிப் பக்கம் திரைச்சீலை இழுத்து மூடியிருக்க, ஹீட்டரின் கருகலோடு முகப்பவுடரும் நாள்பட்ட வியர்வையும் கலந்த ஒரு வாசனை கூடத்தில் தேங்கி நின்றது. திரைச்சீலைக்கு அப்பால் யாரோ அடக்கி இருமினார்கள்.

பக்கத்து வீடா என்று ஜலஜா கேட்டாள். ஜெனி பிரதியை நீட்டினாள்.

நடிகர் பட்டியலில் ஏழாவது ஆளுக்கு நேரே யார் பெயரும் இருக்கக் கூடாது. ஆனால் அங்கே பென்சிலால் எழுதி அழித்த நாலு பெயர்களின் தடம் இருந்தது, மேடையேற்றத்துக்கு ஒன்றாக. ஜெனி விசாரித்திருந்தாள். நாலு பேருமே ஒருநாள் காணாமல் போனவர்கள். தடங்களின்மேல் புதிதாக ஒரு பெயர். ஜெனி.

"நான் எழுதலைக்கா. தமிழ்ல என் பேரைக்கூட எனக்கு ஒழுங்கா எழுத வராது. எழுந்து போனாலும் திரும்ப இங்கேயே வந்து உக்காந்துடறேன்."

ஜலஜாவுக்குப் பயத்துக்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டு வந்தது. அப்பா நடித்த நாடகம். அவளுடைய ஐந்து வருடம். கடைசியில் அது தேடி வந்ததும் இவளைத்தானா?

மறுபடியும் இருமல். இப்போது இரண்டு பேர். நாற்காலிகள் தரையில் உரசின.

"அழிச்சுப் பாத்தியா?"

"அழிச்சா திரும்ப வருதுக்கா. வேற பேர் எழுதினாத்தான் போகும் போல. யார் பேரை எழுதறது?"

"இது எனக்கு வந்திருக்க வேண்டியது" என்றாள் ஜலஜா.

பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். தேய்த்தாள். முத்துமுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

ஜெனி துள்ளி எழுந்தாள். குறிகளைத் தாண்டினாள். ஒருகணம் நம்பாமல் தன் கால்களையே பார்த்தாள்.

"ஜல்தி வாங்கக்கா, போயிடலாம்."

கையைப் பிடித்து இழுத்தாள். ஜலஜா பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டி மறுத்தாள். ஜெனி அழுதுகொண்டே படியிறங்கி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ஜலஜா அந்த நாற்காலியில், பாதங்கள் குறிகளின்மேல் பொருந்த, உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள்? தெரியவில்லை. எழப் பார்த்தாள். முடியவில்லை.

இருமல் நின்றது.

திரைச்சீலை விலகியது. மெதுவாக. யாரோ கயிற்றை இழுப்பதுபோல், விட்டு விட்டு.

தெரு இல்லை. பால்கனிக் கம்பிக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள், வரிசை வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆட்கள். போர்த்திய சால்வைகள். மடியில் கோத்த கைகள். ஒரே மாதிரி சாய்த்த தலைகள். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

முதல் வரிசை எழுந்தது. அவசரமில்லாமல், ஒருவர் பின் ஒருவராக, நாலாவது மாடிக் கம்பியைத் தாண்டிக் காலைத் தூக்கி உள்ளே வைத்தார்கள்.