காற்றின் கண்ணில் ஒரு கட்டைவிரல்

அந்த அகராதி அலுவலகத்தின் வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்துகள் வருவதற்குள், முதல் எழுத்தில் இருந்த சொற்களில் பாதி வழக்கொழிந்துவிட்டன. அந்தக் கடைசி எழுத்துகள்தான் அகராதிக்காரியின் தலையில் விழுந்தன. 'விண்டோ' என்ற சொல்லில் வந்து நின்றபோது மழை பிடித்தது... எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

மாற்றிப்போட வந்த கண்ணாடிக்காரன் சில்லுகளைப் பார்த்தான். பிறகு அவளை.

"யார் மேலங்க இவ்ளோ கோபம்?"

"கோபப்படத் தெம்பு ஏது? அசதி."

அவன் சிரிக்கவில்லை. பெய்து ஓய்ந்த வானம் மாதிரி இருந்தன அவன் கண்கள்... அவற்றுக்கும் தூக்கம் பாக்கி.

புதுக் கண்ணாடி இருப்பது தெரிவதற்காக, அதில் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போடுவது அவர்கள் தொழில் வழக்கம். கண்ணாடி அசையாமலிருக்க ஓரத்தில் எண்ணெய் குழைத்து அப்பிய பட்டி காய்ந்ததும் போட்டவனே வந்து குறியைத் துடைப்பான். அத்தோடு அவன் வேலை தீர்ந்தது.

காய்ந்திருக்கும் என்று வந்தான். பட்டியில் ஒரு பள்ளம்! பூனையாக இருக்கும் என்றாள், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். மறுபடி பூசினான். சும்மா இருப்பானேன் என்று அவள் 'விண்டோ' என்ற சொல் பிறந்த கதையைச் சொன்னாள்: வடதிசைக் கடலோடிகளின் பழைய மொழியில் அது 'காற்றின் கண்'. கண்ணாடி இல்லாத காலம்; சுவரில் ஒரு பொத்தல், அவ்வளவுதான். அப்படியானால் அந்தக் கண்ணை மூடத்தான் தனக்குக் கூலியா என்று கேட்டான். சிரித்தாள். சிரித்து வெகுகாலம் ஆகியிருந்ததால் கன்னம் வலித்தது.

பூனை நாள் தவறாமல் வந்தது.

ஒருநாள் தலைமை ஆசிரியர் எட்டிப்பார்த்து, இந்த ஆள் இன்னுமா போகவில்லை என்றார். கூச்சத்தில் அவள் வாயில் வந்துவிட்டது: "இவருக்கு வேலை சரியா தெரியல சார்."

அவன் முகம் அணைந்தது. நாளைக்கே துடைத்துவிடுகிறேன் என்று கிளம்பினான்.

மறுநாள் ஈரத்துணியோடு வந்தபோது, ஜன்னலை மறைத்து அவள் நின்றாள்.

"தள்ளுங்க."

"பட்டி காயல."

"எப்படிங்க காயும்? உங்க பூனைக்குக் கட்டைவிரல்ல மை இருக்கே."

பட்டியில் நீலமாய் ஒரு ரேகை. விரலை மடக்கிக்கொண்டாள்... ஆனால் பொய்யைத் தூக்கிப்பிடிக்கவும் தெம்பு வேண்டுமே.

"நான்தான். தொடச்சிட்டா அப்புறம் வர மாட்டீங்களேன்னு... நேத்து அவர்கிட்ட சொன்னது பொய். கௌரவம் பார்த்துட்டேன்."

அவன் துணியைப் பிழிந்தான். தரையெல்லாம் தண்ணீர்.

"பொய் இல்லீங்க. பட்டியில நான்தான் எண்ணெயை அளவுக்கு மேல ஊத்திட்டிருந்தேன். பூனை தொடலேன்னாலும் காயாது."

"அப்ப எதுக்குத் துணி?"

"நீங்க தடுப்பீங்களான்னு பாக்க."

குறி இன்றும் அந்த ஜன்னலில் இருக்கிறது. கல்யாணம் ஆகித் தலை நரைத்தும், பட்டி காயவில்லை என்றே இருவரும் சாதிக்கிறார்கள்.