சுவருக்குள் போன கார்டு

மிர்த்தா கைப்பையிலிருந்து கார்டை இன்னும் எடுக்கவே இல்லை. அதற்குள் ஏ.டி.எம். திரை, 'உங்கள் கார்டை எடுத்துக்கொள்ளவும்' என்று காட்டிவிட்டு அணைந்தது; மறுபடி ஒளிர்ந்தது. முன்னால் வந்த யாராவது மறந்துவிட்டுப் போயிருக்கலாம் என்று கார்டு போடும் பிளவைப் பார்த்தாள். காலியாக இருந்தது. விளிம்பில் மட்டும் லேசான ஈரம்.

அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாடகை டிரைவர் காலிஸ்தோவின் ஜீப் நின்றது. பின் சீட்டில் அவள் கணவன் வால்டெமார், உதடு நீலம் பாரித்துப்போய், ஜன்னலில் சாய்ந்து கிடந்தான். அவன் மூச்சு கண்ணாடியில் ஒரு வட்டம் போடும், அழியும், மறுபடி போடும். சொந்த ஊரான மான்டிவிடியோவில் கடலுக்குப் பக்கத்திலேயே அறுபது வருஷம் வாழ்ந்த மனுஷன், ஓய்வு பெற்ற மறுமாதமே பொலிவியாவின் உப்புப் பாலைவனத்தைப் பார்த்தே தீருவேன் என்று கிளம்பினான். நாலாயிரம் மீட்டர் உயரம், உன் நெஞ்சுக்கு ஆகாது என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டானா? சாயங்காலத்துக்குள் கீழே இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் நான் பொறுப்பில்லை என்று இந்த மலையூர் நர்ஸ் கையை விரித்துவிட்டாள்.

"டீசலுக்கு மட்டும் குடுங்கம்மா," என்றிருந்தான் காலிஸ்தோ. "மிச்சத்தைக் கீழ போயிப் பாத்துக்கலாம். பம்புக்காரன் கார்டு வாங்க மாட்டான், அதான்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கதவடைத்திருந்தது. தெருவில் தூசிக் காற்றும், எங்கோ கோழி பொரித்த எண்ணெய் வாசனையும் மட்டும் அலைந்துகொண்டிருந்தன. அந்தச் சின்ன அறைக்குள் வேறொரு வாசனை இருந்தது. நாள்கணக்கில் கழற்றாத கையுறையைக் கழற்றும்போது வருமே, அந்த வேர்வை வாசனை.

கார்டைச் செருகினாள். வழக்கமாகக் கேட்கும் மோட்டார் சத்தம் இல்லை. அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து மெதுவாக வாங்கிக்கொள்வதுபோல், விட்டு விட்டு, கார்டு உள்ளே போனது. ரகசிய எண்ணை அழுத்தினாள். 'காத்திருக்கவும்.' காத்திருந்தாள். உள்ளே நோட்டு எண்ணும் படபடப்புக்குப் பதிலாக, தகரத்தை நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் மேலிருந்து கீழே இறங்கியது. பிறகு திரை ஆரம்பத்துக்கே போய்விட்டது. பணமும் வரவில்லை, கார்டும் வரவில்லை.

ரத்துப் பொத்தானை ஏழெட்டு முறை குத்தினாள். பிறகு சொந்த ஊருக்குப் போன் போட்டாள். வங்கியிலிருந்து ஒரு பையன் பேசினான். குரலில் வெண்ணெய் வழிந்தது.

"மேடம், வெளிநாடு போறதா முன்கூட்டியே சொல்லியிருந்தீங்களா?"

"கிளைக்கே போய்ச் சொன்னேன். ஒரு பொண்ணு என் கண் முன்னாடி எழுதிக்கிட்டா."

"இங்க ஒண்ணும் பதிவாகலையே, மேடம்."

"அப்போ அவ என்ன, படம் வரைஞ்சிட்டிருந்தாளா?"

"கோபப்படாதீங்க மேடம்."

"கோபப்படாம கொஞ்சச் சொல்றியா? என் புருஷன் வெளிய மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கான். என் கார்டை உன் மிஷின் முழுங்கிடுச்சு."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"மேடம், ஊர்ப் பேரைச் சரியாத்தான சொல்றீங்க? அந்த ஊர்ல ஏ.டி.எம்.மே இல்லைன்னு காட்டுதே."

"அப்போ நான் எதுக்கு முன்னாடி நிக்கிறேன்? மாவு மிஷினுக்கு முன்னாடியா?"

"கார்டு மாட்டினதா எங்களுக்குத் தகவலே வரல மேடம். எதுக்கும் கொஞ்சம் லைன்ல இருங்க."

பாட்டு ஓடியது. பாட்டுக்கு நடுவே, போனிலிருந்து அல்ல, எதிரே இருந்த சுவருக்குள்ளிருந்து யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மிர்த்தா போனைக் காதிலிருந்து எடுத்தாள். இணைப்பு அறுந்துபோயிருந்தது.

வெளியே காலிஸ்தோ ஹாரன் அடித்தான். வால்டெமாரின் மூச்சு வட்டம் சின்னதாகிவிட்டிருந்தது. பயம் என்ற ஒன்று அவளுக்குள் எழுந்தது. எழுந்த வேகத்தில் கோபம் அதை மிதித்துக்கொண்டு மேலே வந்தது. கிளையில் சிரித்துக்கொண்டே எழுதிய பெண் மேல் கோபம், வெண்ணெய்க் குரல் பையன் மேல் கோபம், சொன்னால் கேட்காத புருஷன் மேல் கோபம், கடைசியில் இந்தத் தகரப் பெட்டி மேல் கோபம். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்து சேர்த்த காசு. அவளுடைய காசு.

வால்டெமாரின் கார்டை எடுத்தாள். இதுவும் போகுமோ என்று ஒரு கணம் கை தயங்கியது. போனால் போகட்டும், வேறு வழி என்ன இருக்கிறது? செருகினாள். இந்த முறை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

கீழே பணம் வரும் வாயின் மூடி திறந்தது. நோட்டுகளின் முனை தெரிந்தது, அரை விரல் நீளத்துக்கு.

"அப்படி வா வழிக்கு," என்றாள். பிடித்து இழுத்தாள்.

வரவில்லை. மாட்டிக்கொண்ட காகிதம் கிழியும், அல்லது சட்டென்று வரும். இது இரண்டுமில்லை. அவள் இழுத்தால் நோட்டு கொஞ்சம் வந்தது. அவள் தளர்த்தினால் அதே அளவு திரும்பிப் போனது.

"விடு," என்றாள் மிர்த்தா பல்லைக் கடித்துக்கொண்டு. யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "என் காசு. விடு."

நோட்டுகள் சரேலென்று உள்ளே போயின. மூடி மட்டும் திறந்தே இருந்தது. விரல் தடிமனுக்கு ஒரு கறுப்பு இடுக்கு.

நாலு விரலையும் உள்ளே திணித்தாள்.

வெளியே குளிர் எலும்பைக் குடைந்துகொண்டிருந்தது. உள்ளே வெதுவெதுப்பு. தகரம் இல்லை, சக்கரம் இல்லை, கம்பி இல்லை. துழாவினாள். நோட்டு தட்டுப்பட்டது. அதைப் பிடித்தாள்.

அதைப் பிடித்திருந்த விரல்களையும் தொட்டாள்.

அவை நோட்டை விட்டன. அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டன.

இறுக்கவில்லை. ரொம்ப நாள் தனியாகக் கிடந்தவர் பிடிப்பதுபோல, தடவித் தடவி, ஒவ்வொரு விரலாக. மிர்த்தா கத்தினாள். கத்தல் அந்த அறைக்குள்ளேயே சுற்றியது. கண்ணாடிக்கு வெளியே காலிஸ்தோ தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சீட்டில் சாய்ந்திருந்தான். இடது கையால் சுவரைக் குத்தினாள். செருப்புக் காலால் உதைத்தாள். வாயில் வந்த வசவையெல்லாம் வைதாள்.

"விட்டுத் தொலை, நாயே. வெளிய அவன் செத்துக்கிட்டிருக்கான்."

பிடி அசையவில்லை. பிறகு, மெதுவாக, இழுத்தது.

வலிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு நோட்டுக் கத்தை மட்டும் நுழையக்கூடிய இடுக்கு. அதற்குள் அவள் உள்ளங்கை போனது. பிறகு மணிக்கட்டு. எலும்பு முறியவில்லை, தோல் கிழியவில்லை. சட்டைக் கை மட்டும் விளிம்பில் சுருண்டு நின்றது.

ஜீப்பின் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடி தெளிவாக இருந்தது. வட்டம் இல்லை.

"வால்டெமார்," என்றாள்.

கார்டு போடும் பிளவில் ஏதோ மினுங்கியது. மஞ்சளாக ஒரு விளிம்பு எட்டிப் பார்த்து, நகர்ந்து, தரையில் விழுந்து உருண்டது. அவளுடைய கல்யாண மோதிரம்.

முழங்கை உள்ளே போனது. கன்னம் சில்லென்ற திரையில் ஒட்டியது. பிளவு மறுபடி அசைந்தது. இன்னொரு மோதிரம் விழுந்தது, அது அவளுடையதல்ல. அதன் பின்னால் இன்னொன்று, பச்சைக் கல் வைத்தது. இன்னொன்று. இன்னொன்று. தரையில் கிணுகிணுவென்று அவள் செருப்பைச் சுற்றி உருண்டன. கடைசியாக வந்தது ரொம்பச் சின்னது, ஒரு குழந்தை விரலுக்கானது.