பெட்டி கேட்ட வார்த்தை

வீல்...ல்...ல்...!

மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண்ணயர்ந்திருந்த தாட்சாயிணி, திடுக்கிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

சைரன்.

வீடே அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

யாரோ சமையலறைப் பின்கதவைத் திறந்திருக்கிறார்கள். கதவில் ஒரு சின்னக் காந்தம், நிலையில் அதற்கு ஜோடியாக ஒரு சென்சார். இரண்டும் பிரிந்தால் ஹால் சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டிக்குச் செய்தி போகும். பெட்டி அலறும்.

மகன் அபிஷேக்கின் கல்யாணத்துக்காக நகைகளை பாங்க் லாக்கரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து, பகலில்கூட அலாரத்தைப் போட்டே வைத்திருந்தாள். மகனுக்கு பெங்களூரில் வேலை. கணவர் வீரராகவனுக்கு ஓசூரில். வாரக் கடைசியில்தான் வருவார்கள்.

'தாழ்ப்பாள் சரியா விழலை போல... காத்துல திறந்திருக்கும்...'

ஹாலுக்கு வந்தாள்.

காற்று இல்லை.

இரண்டு பேர்.

ஒருவன் தலையில் கறுப்பு ஹெல்மெட். முகம் தெரியாதபடி கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தான். இன்னொருவன் சிவப்புச் சட்டை. மூக்குக்குக் கீழே கர்ச்சீப். கையில் கத்தி.

"கத்தாத," என்றான் சிவப்புச் சட்டை. "இந்தச் சத்தத்துல நீ கத்தினா எவனுக்கும் கேக்காது. ஆனா எனுக்குக் கோவம் வரும்."



அவன் அவளைப் பெட்டியின் முன்னால் தள்ளினான். கத்தியின் நுனி கழுத்தில் உறுத்தியது.

"இப்ப இந்தப் பொட்டி பேசும். நீ பதில் சொல்ற. கை தவறிக் கதவத் தொறந்துட்டேன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை வந்துச்சு... அவ்ளோதான்."

"பெட்டி பேசும்னு உனக்கு எப்படி..."

"நீ ஊட்ல இல்லாட்டி பொட்டி போலீசக் கூப்டும். நீ இருந்து பதில் சொன்னா கூப்டாது. அதுக்குத்தான் நீ கீற நேரமாப் பாத்து வந்துகீறோம். புரிதா?"

சைரன் நின்றது.

பெட்டியிலிருந்து ஒரு இளம் பெண்ணின் குரல். "வணக்கம் மேடம். கன்ட்ரோல் ரூம்லேர்ந்து எழிலரசி. உங்க வீட்டுப் பின்கதவு சிக்னல் வந்திருக்கு. எல்லாம் சரியா இருக்கா?"

தாட்சாயிணி பெட்டியைப் பார்த்துப் பேசினாள்.

"நான்தாம்மா. துணி காயப்போடலாம்னு கதவைத் திறந்துட்டேன். அலாரம் போட்டிருக்கிற ஞாபகமே இல்லை."

"பரவாயில்லை மேடம். உங்க அடையாள வார்த்தையை மட்டும் சொல்லிடுங்க."

கத்தி அழுந்தியது.

"சாமந்தி," என்றாள் தாட்சாயிணி.

"தேங்க்ஸ் மேடம். அலாரத்தை ஆஃப் பண்ணிட்டேன். ரெஸ்ட் எடுங்க."

பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது.

சிவப்புச் சட்டை மூச்சு விட்டான். "நல்ல பொம்பள. பீரோ சாவி எங்க கீது?"

அம்பத்தூர்.

ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், அலாரம் கம்பெனியின் கன்ட்ரோல் ரூம். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள்.

எழிலரசி ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அலாரம் பொருத்தும்போது அந்த வீட்டுக்கு இரண்டு வார்த்தைகள் வாங்கியிருந்தார்கள். கனகாம்பரம் என்றால் நலம். சாமந்தி என்றால் கழுத்தில் கத்தி. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் வாங்கினார்கள்.

விளக்கு மட்டும்தான் அணைந்திருந்தது. பெட்டியின் மைக் விழித்திருந்தது. அந்த வீட்டில் ஒரு டம்ளர் உருண்டாலும் எழிலரசியின் ஹெட்ஃபோனில் கேட்கும்.

முதலில் போலீசுக்குச் சொன்னாள். ரோந்து வண்டி, அந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அயனம்பாக்கம் ஏரிப் பக்கமே இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அப்துல் ரசாக், "வந்துட்டேன்மா, லைன்லயே இரு," என்றார்.

அடுத்து, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய முதல் நம்பர்.

சரசா. எதிர் வீடு. உறவு என்ற இடத்தில் தாட்சாயிணி 'கூடப் பிறக்காத சகோதரி' என்று சொல்லிப் பதியச் சொல்லியிருந்தாள்.

"மேடம், பதறாமக் கேளுங்க. உங்க ஃப்ரெண்ட் தாட்சாயிணி மேடம் ஆபத்துல இருக்காங்க. போலீஸ் கிளம்பிட்டாங்க. நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க. மாத்துச் சாவி உங்ககிட்ட இருக்கா?"



"ஐயோ... இருக்கும்மா... தேடி எடுக்கறேன்," என்று சரசா போனை வைத்தாள்.

அடுத்த நிமிஷம்...

எழிலரசியின் ஹெட்ஃபோனில், அந்த வீட்டுக்குள் ஒரு செல்போன் ஒலித்தது.

அது ஒலித்தது ஹெல்மெட்காரனின் பாக்கெட்டில்.

உள்ளே வந்ததிலிருந்து வாயே திறக்காதவன், பழக்க தோஷத்தில் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் போனை உள்ளே காதோரம் செருகினான்.

"சொல்லுக்கா."

தாட்சாயிணி கல்லாகிப் போனாள்.

அந்தக் குரல் அவளுடைய சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து 'இன்னொரு தோசை' என்று கேட்ட குரல். தீபாவளிக்குத் தீபாவளி அவள் எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்ற குரல்.

கோபி.

சரசாவின் தம்பி.

அப்படியென்றால், போனில் அக்கா...?

"இன்னாது, போலீசா?" கோபியின் குரல் உடைந்தது. "கன்ட்ரோல் ரூம்லேர்ந்து உனுக்குப் போன் பண்ணி சொன்னாங்களா?"

வேறு யார் வீட்டுக்கும் போன் போயிருக்காது. முதல் நம்பருக்குத்தான் போகும். அந்த நம்பரைக் கொடுத்தவளே தாட்சாயிணிதான். 'எனக்கு யார் இருக்கா, எதிர்ல என் சரசு இருக்கா,' என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

தினமும் காலையில் ஏரிக் கரையில் கை கோத்துக்கொண்டு நடந்த சரசு. அவளுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் தரையில் படுத்திருந்த சரசு.

கழுத்தில் கத்தி இருந்ததுகூட அவளுக்கு மறந்துபோனது. நெஞ்சில் வேறு ஏதோ இறங்கியிருந்தது.

"பொட்டியாண்ட இன்னா சொன்ன நீ?" சிவப்புச் சட்டை அவள் தலைமுடியைப் பிடித்தான்.

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன். நீயும்தானே கேட்டே."

"மாமே, ஓடிறலாம்," என்றான் கோபி.

"ஓடலாம். இது உன் கொரலக் கேட்டுச்சே. தெரிஞ்ச கொரலா?"

கோபி தலையை மட்டும் ஆட்டினான்.

"அப்ப விட்டுட்டுப் போவ முடியாது மச்சான்."

"எனக்கு யாரையும் தெரியாது," என்றாள் தாட்சாயிணி. "ஹெல்மெட்டுக்குள்ள பேசினா என்ன புரியப் போகுது?"

சிவப்புச் சட்டை நம்பவில்லை. கத்தியைத் திருப்பிப் பிடித்தான்.

மறுபடியும் போன் ஒலித்தது.

கோபி கேட்டான். முகம் மெல்ல மாறியது. சிரித்தான்.

"ஒண்ணும் இல்லடா. அந்தப் பொண்ணு தப்பா சொல்லிட்சாம். சிக்னல் வந்தது திருவேற்காட்டுல வேற ஊட்லேர்ந்தாம். போலீஸ் வண்டிய அங்க திருப்பி உட்டாங்களாம். அக்காகிட்ட சாரி கேட்டுச்சாம்."

"நெசமா?"

"அக்கா சொல்லுது. வேலையப் பாரு."

தாட்சாயிணி பெட்டியைப் பார்த்தாள். விளக்கு இல்லை. சத்தம் இல்லை.

தோழி கைவிட்டாள். இப்போது இதுவுமா?

அழக்கூடத் தோன்றவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

பீரோ திறந்தது. சிவப்புச் சட்டை பையை விரித்தான். வளையல்கள், நெக்லஸ், ஒட்டியாணம். கடைசியாகக் கல் வைத்த ஆரம். கோபி அதைக் கையில் எடுத்து ஒரு கணம் பார்த்தான்.

"இது..."

"அது அப்படியே இருக்கட்டும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கையை மட்டும் தூக்கு."

அறை வாசலில் அப்துல் ரசாக். கையில் துப்பாக்கி. அவருக்குப் பின்னால் மூன்று கான்ஸ்டபிள்கள். திறந்து கிடந்த பின்கதவு வழியாக, செருப்புச் சத்தம்கூட இல்லாமல் வந்திருந்தார்கள்.

கத்தி தரையில் விழுந்தது.

போலீஸ் ஜீப் தெருவுக்குள் வந்து நின்ற பிறகுதான் எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

சரசா ஓடி வந்தாள். தலை கலைந்திருந்தது. தாட்சாயிணியை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"தாச்சு, உனக்கு ஒண்ணும் ஆகலையே? அந்தப் பொண்ணு போன் பண்ணி முதல்ல ஒண்ணு சொல்லுது, அப்புறம் வேற சொல்லுது. சாவியைத் தேடிக்கிட்டே இருந்தேன்டி. யாருடி இந்தப் பாவிங்க?"

தாட்சாயிணி அசையவில்லை. அந்த அணைப்பைப் பழையபடி உணர முடியுமா என்று ஒரு கணம் முயன்று பார்த்தாள். முடியவில்லை.

கான்ஸ்டபிள் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நீயா...?" சரசா பாய்ந்து போய்க் கோபியின் கன்னத்தில் அறைந்தாள். "சோறு போட்ட வீட்லயா திருட வந்தே?"

கோபி அக்காவையே பார்த்தான். கன்னத்தைக்கூடத் தடவவில்லை.

அப்துல் ரசாக் அவன் போனை எடுத்தார். கடைசியாக வந்த நம்பரை அழுத்தினார்.

சரசாவின் கைக்குள் போன் ஒலித்தது.

அது ஒலித்துக்கொண்டே இருந்தது.

"எடு சரசு," என்றாள் தாட்சாயிணி. "உனக்குத்தான்."

சரசாவின் முகத்திலிருந்து பதற்றம் வடிந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"ஆமா. நான்தான்," என்றாள். "இப்ப என்ன?"

"ஏண்டி?"

"ஏனா? என் பொண்ணு பவித்ரா ஸ்கூல் படிக்கறப்பவே அந்த ஆரத்தை அவ கழுத்துல போட்டுப் பாத்தது யாரு? இது என் மருமகளுக்குன்னு சொன்னது யாரு? எத்தனை வருஷம் சொன்னே தாச்சு? அவ நம்பினா. வந்த வரனையெல்லாம் வேணாம்னா."

"அபிஷேக் ஆபீஸ்ல ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு சொன்னான். நான் என்ன பண்ண முடியும்?"

"அவனை ஒண்ணும் சொல்லலை. நீ என்கிட்ட சொன்னியா? தினமும் பக்கத்துல நடந்தியே, ஒரு நாள் சொன்னியா? பத்திரிகை அடிச்சு, மஞ்சள் தடவி, ஊரோட ஒருத்தியா எனக்கும் நீட்டினே. பவித்ரா அதைப் பாத்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டவ... இன்னும் என்கூடச் சரியாப் பேசலை."

தாட்சாயிணி தலை குனிந்தாள். சொல்லத் தைரியம் வராமல் நாளைத் தள்ளியது உண்மை.

"அதுக்கு என் கழுத்துல கத்தியா?"

"மிரட்டினா போதும்னுதான் சொன்னேன். மேல கை வைக்கக் கூடாதுன்னேன்."

"உன் ரெண்டாவது போன் வரலைன்னா, நான் இப்ப இல்லை."

சரசா தலை நிமிர்ந்தாள். "அந்தப் பொண்ணு... போலீஸ் வேற பக்கம் போயிடுச்சுன்னு சொன்னாளே..."

சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.

"மன்னிச்சுக்கோங்க சரசா மேடம்," என்றது பெட்டி. எழிலரசியின் குரல். "நான் போனை வெச்சதும் அங்க போன் அடிச்சுது. கன்ட்ரோல் ரூம்னு உங்க தம்பி கேட்டதும் புரிஞ்சுடுச்சு. ஓடற அவசரத்துல தாட்சாயிணி மேடத்தை ஏதாவது பண்ணிடுவாங்கன்னு பயந்தேன். நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்கல்ல? அதான் மறுபடி போன் பண்ணி உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன். எதிர் வீட்டுக்குத் தெரியாம ஏரிப் பக்கமா வாங்கன்னு சாருக்கும் சொல்லிட்டேன்."

சரசா பெட்டியையே வெறித்தாள். தன் வாயாலேயே தம்பியைப் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

பெண் கான்ஸ்டபிள் அவள் கையைப் பிடித்தாள். வாசல்படி வரை போன சரசா திரும்பினாள்.

"தாச்சு... பவித்ராவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளை ஒண்ணும் கேட்டுடாதே."

தாட்சாயிணி தலையை மட்டும் அசைத்தாள். ஜீப்பின் கதவு சாத்தப்பட்ட பிறகுதான் சோபாவில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஹாலில் அவள் விசும்பல் மட்டும் கேட்டது.

பெட்டி மெல்லக் கூப்பிட்டது.

"மேடம்... இப்ப கேக்கறது தப்புதான். அவசரத்துக்குக் கூப்பிட முதல் நம்பரா இன்னும் அவங்க நம்பர்தான் இருக்கு. மாத்திடட்டுமா?"

தாட்சாயிணி வாயைத் திறப்பதற்குள், சரசாவின் செல்போனைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக்கொண்டிருந்த அப்துல் ரசாக் முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. இந்தப் போன் இனிமே எங்க ஸ்டேஷன்லதான் இருக்கும். அடிச்சீங்கன்னா நேரா போலீசே எடுக்கும்."