மூணு அடி, ஒரு இடைவெளி

வண்டி மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழையும்போதே டாக்டருக்குக் கேட்டுவிட்டது. தங்கச்சி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் அடங்காமல் கத்தியது. அந்தக் கத்தலுக்கு நடுவே டக், டக், டக் என்று மூணு அடி, அப்புறம் ஒரு இடைவெளி. நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அண்ணா கேட்டாலே போதும், கண்டுபிடிச்சிடுவார்னு பாப்பாகிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றாள் தங்கச்சி. "நாளையிலேர்ந்து அவளை ஸ்கூலுக்கு நானே இதுல கூட்டிட்டுப் போகப்போறேன்."

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கோளாறை அப்படியே சொல்லிவிடுவார் என்பதால் வந்த பட்டப்பெயர் டாக்டர். ஒருகாலத்தில் அதைக் கேட்டால் தலைகால் புரியாது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் உடம்பு கூசுகிறது.

நாலு மாசத்துக்கு முன்னால் இதே வண்டியை இதே கத்தலோடு தங்கச்சி புருஷன், மச்சான், கொண்டுவந்து நிறுத்தினார். ரப்பர் ஹோஸ் ஒன்று வெடித்து, எஞ்சின் அது வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. புது ஹோஸுக்கு இரண்டு தெரு நடக்கணும். ஞாயிற்றுக்கிழமை, மழை வேறு, பாழாய்ப்போன சோம்பல். நீல டேப்பை எடுத்து வெடிப்பின் மேல் சுற்றினார். எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் ஸ்க்ரூவைத் திருகிக் கத்தலை அமுக்கினார். இப்படிச் செய்தால் வண்டி மெதுவாகும்போது பொசுக்கென்று நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? நல்லாவே தெரியும். "ஒண்ணுமில்ல மச்சான், ஜம்முனு ஓட்டிட்டுப் போங்க" என்று பானெட்டைத் தட்டி அனுப்பினார்.

அன்றைக்கே, ரயில்பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையில் மச்சான் வேகத்தைக் குறைத்திருக்கிறார். வண்டி நின்றுவிட்டது. மழைத்தண்ணீர் ஏறிக் கதவை அழுத்திக்கொண்டது. கண்ணாடி இறக்கும் கைப்பிடி கழன்று அவர் கையோடு வந்திருந்தது. எவ்வளவு நேரம் கண்ணாடியைத் தட்டினாரோ, யாருக்குத் தெரியும்.

"தண்ணி புகுந்தா எந்த வண்டியும் நின்னுடும், இல்லண்ணா?" என்று சாவு வீட்டில் தங்கச்சி டாக்டரின் தோளில் விழுந்து அழுதாள். "ஆமாம்மா" என்றார்.

முங்கின வண்டியைத் தொட அவருக்குத் துணிவில்லை. கழுவி ஓட வைத்தது வேறொரு ஷெட். அவர்கள் ஸ்க்ரூவைப் பழையபடி திருப்பி வைத்திருக்கவேண்டும், அதனால் மறுபடி கத்துகிறது.

பானெட்டைத் தூக்கினார். அது தங்கச்சியின் முகத்தை மறைத்ததில் ஒரு நிம்மதி. தகரக் கூரை மேல் மழை விடாமல் இரைந்தது. சூடான எண்ணெய் வாடையோடு சேற்றுத்தண்ணீர் வாடையும் மெல்ல மெல்ல வந்தது.

பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். முதல் வயருக்கு எஞ்சின் தடுமாறியது. இரண்டாவதுக்கும் தடுமாறியது. மூன்றாவதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. செத்த சிலிண்டர் அதுதான். அதன் பக்கத்தில் கையை விட்டுத் தடவினார்.

டேப். நீல டேப், அவரே சுற்றியது. ஓரம் பிரிந்து, உஸ்ஸென்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. குளுக், குளுக் என்று தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

"ஆஃப் பண்ணும்மா!"

எஞ்சின் நின்றது. டக், டக், டக். இடைவெளி. டக், டக், டக். அது நிற்கவில்லை.

"உனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

"மழைதாண்ணா."

அவர் டேப்பைப் பிய்த்து எறிந்தார். மச்சான் போன பிறகு வாங்கி அலமாரியில் வைத்திருந்த புது ஹோஸை எடுத்து மாட்டினார். வெறும் பத்து நிமிஷ வேலை! அன்றைக்கு இதைச் செய்திருந்தால் மச்சான் இருந்திருப்பார். வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். நாலு சிலிண்டரும் பிசகில்லாமல் ஓடின. அதற்கு மேலே, தனியாக, டக், டக், டக்.

இப்போது சொல்லிவிடணும். நான்தான்மா, என் சோம்பல்தான்மா.

"தங்கச்சி... அன்னைக்கு மச்சான் வந்தப்போ..."

"என்னண்ணா?" கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் அத்தனை நம்பிக்கை. நாலு மாசம் கழித்து இன்றைக்குத்தான் சிரிக்கிறாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஜம்முனு இருக்கு. ஓட்டிட்டுப் போ."

அதே வார்த்தை. சீ, நானும் ஒரு மனுஷனா!

அவள் கதவைச் சாத்தினாள். அவர் பானெட்டை இறக்கினார்.

வண்டிக்குள் தண்ணீர்.

செம்மண் நிறத் தண்ணீர், அவள் கழுத்து வரைக்கும். அவள் சட்டை மிதந்தது. அதற்குள் உட்கார்ந்து அவள் சிரித்துக்கொண்டே பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தாள். கியரைப் போட்டாள். வண்டி மழைக்குள் நகர்ந்தது, சுரங்கப்பாதைப் பக்கமாக.

ஓடினார். "நிறுத்து! நான்தான்மா! டேப் சுத்தினது நான்தான்!" கண்ணாடி மூடியிருந்தது. உள்ளங்கையால் அறைந்தார். டக், டக், டக். அவள் டாட்டா காட்டினாள். தண்ணீர் மோவாயைத் தொட்டது.

டக், டக், டக்.

பின்சீட்டுக் கலங்கலிலிருந்து ஒரு கை எழுந்து வந்தது. ஊறி வெளுத்த கை. விரல்களுக்கு நடுவே கழன்ற கைப்பிடி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம், அவர் கைக்கு நேரே, அது உள்ளங்கையை விரித்து ஒட்டிக்கொண்டது.