மஞ்சள் கோட்டுக்கு ஓரடி வெளியே

"டாக்டர்...!"

அந்த அலறல் ஆஸ்பத்திரி வாசலை உலுக்கியது.

பத்து நிமிடம் கழித்து, அலற வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று.

வாசல் தரையில் எல்லையாகப் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு ஓரடி வெளியே அந்த மனிதர் செத்துக் கிடந்தார். உச்சி வெயில். தலைமாட்டில் மகள்.

கோட்டுக்கு உள்ளே டாக்டர். ஆஸ்பத்திரிக்கே முதலாளி. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்.

பெண் இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார்.

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"பத்து நிமிஷம்."

"பார்த்துக்கிட்டேவா?"

"மேடம், கோட்டுக்கு உள்ள வந்தா நோயாளி. பார்த்தே ஆகணும். சட்டம்! வெளியே விழுந்தா ரோட்டுல போறவர். தொட்டு, செத்துட்டா? வம்பை நான் ஏன் விலைக்கு வாங்கணும்?"

"தூக்க ஒரு கை குடுங்கன்னு கத்தினேனே சார்..." என்றாள் மகள்.

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை.

"கேஸ் நிக்காது மேடம். உங்களுக்கே தெரியும்."

தெரியும். இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார்.

அப்போதுதான் அந்தக் கார் கண்ணில் பட்டது. பிணத்துக்குப் பக்கத்தில், கூரை நிழலில், பளபளவென்று...

"யார் வண்டி?"

"ஐயாவோடதுங்க," என்றார் வாட்ச்மேன். "கோட்டுக்குள்ள வண்டி நிறுத்தக் கூடாதுன்னு ஐயாவே போர்டு வெச்சாரு. வெளியே நிழல் இல்ல. அதான் போன மாசம் கோட்டையே எட்டடி உள்ளே தள்ளிப் போடச் சொன்னாரு..."

"யோவ்! வாயை மூடு!"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். காரின் பின்சக்கரத்தருகே, தரையில் கறுப்புப் பெயின்ட். ஜீப் சாவியால் சுரண்டினார்.

மஞ்சள்!

"உங்க இடம் எதுவரைக்கும் டாக்டர்? கோட்டை விடுங்க. பத்திரத்துல?"

டாக்டரின் கண் அந்தப் பழைய கோட்டுக்குப் போய் நின்றது.

"அப்போ இவர் செத்தது ரோட்டுல இல்ல. உங்க ஆஸ்பத்திரிக்குள்ள. ஏழடி உள்ளே!"

"மேடம்... மறந்துட்டேன்! இது நம்ம இடம்னு ஞாபகம் இருந்திருந்தா, சத்தியமா ஓடி வந்திருப்பேன்!"

மகள் முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"உங்க இடம்னாதான் வருவீங்களா சார்?"

இன்ஸ்பெக்டர் தெருவைக் காட்டினார்.

"கோட்டைத் தாண்டி வாங்க டாக்டர். ஜீப் வெளியேதான் நிக்குது... என்ன, நிழல்தான் இல்ல!"